பாலை நிறுப்பவர்கள் டிராக்டரை நிறுக்க மாட்டார்களா?



விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரம் மரமாக ஓடி நாம் கொண்டுவந்து சேர்த்த பாலை ஸ்டோரில் என்ன செய்தார்கள்? வாளியைத் தராசில் தூக்கி வைத்தார்கள். அதோடு விட்டார்களா? மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்த்தார்கள். மங்கில் நாலு மழைத்துளி விழுந்தால் அதற்கும் கணக்குப் பார்த்தார்கள். இன்று பல தோட்டங்களில் பால் போய்க் கட்டிப்பால் நிறுவைக்கு வந்திருக்கிறது. ஈரம் இருக்கிறது என்று அதிலும் பிடித்தம் உண்டு. செம்பனைத் தோட்டத்திலோ, பழ லோரி மில்லுக்குள் நுழையும்போது ஒரு நிறுவை, பழத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு நிறுவை.

ஆகவே தோட்ட நிர்வாகங்களுக்கு நிறுக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நிறுப்பதில் அவர்களை மிஞ்ச ஆளே கிடையாது!

அப்படிப்பட்ட தோட்டத்தில், ஒரு சிறு டிராக்டரை ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் வருகிறது. பெரட்டு முடிகிறது. உரமூட்டையும் தண்ணீர்த் தொட்டியும் இழுத்துப் பழகிய ஓர் ஒற்றை அச்சு டிரெய்லர், பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி நிற்கிறது. "டிராக்டரை இதில் ஏற்று, பத்துக் கட்டை தள்ளி இருக்கிற டிவிஷனில் இறக்கு" என்கிறார் மண்டோர். இரண்டு பலகை, ஒரு நைலான் கயிறு, மேலே ஏறி நின்று பிடித்துக்கொள்ள இரண்டு ஆள். புறப்பாடு ஆயிற்று. டிராக்டரின் எடை என்ன, டிரெய்லர் எவ்வளவு தாங்கும் என்று ஒருவன் வாய் திறந்து கேட்டால் கிடைக்கும் பதில் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுதான்: "சின்ன டிராக்டர்தானே!"

இந்தப் பேச்சைத்தான் நாம் இன்று விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அது சின்னதுதான். யானைக்குப் பக்கத்தில் எருமை கூடச் சின்னதுதான். அதற்காக எருமையை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு போவதில்லை.

25 குதிரைச் சக்திக்குக் கீழ்ப்பட்ட சிறு டிராக்டர்கள் பல, வெறும் வண்டியாகவே 600 கிலோவிலிருந்து 900 கிலோ வரை இருக்கின்றன. 30, 40 குதிரைச் சக்திக்குப் போனால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கம்பெனிப் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் எடை பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை. தோட்டத்தில் ஓடுகிற டிராக்டர் வெறும் வண்டியாக இருக்கிறதா? முன்னால் மண் அள்ளும் வாளியும் அதன் கைகளும். பின்னால் புல் வெட்டும் இயந்திரம். பின் டயர் வழுக்காமல் இருக்க அதற்குள் தண்ணீர். டாங்கில் டீசல். அதற்கும் மேல், இடம் காலியாக இருக்கிறதே என்று டிரெய்லரின் மூலையில் வைக்கும் டீசல் டின்கள், மண்வெட்டிகள், உதிரிச் சக்கரம்.

கிராணி நண்பர்கள் ஒரு தாளை எடுத்து நம்முடன் சேர்ந்து போட்டுப் பார்க்கட்டும். டிராக்டர் 800 கிலோ. முன் வாளியும் கைகளும் 350. புல் வெட்டும் இயந்திரம் 200. இரண்டு பின் டயரிலும் நூறு நூறு லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. 30 லிட்டர் டீசல் ஏறத்தாழ 25 கிலோ. சங்கிலி, டின், மண்வெட்டி வகையறா 25. கூட்டினால் 1,600 கிலோ!

இனி டிரெய்லரின் பக்கம் வாருங்கள். இத்தகைய சிறு ஒற்றை அச்சு டிரெய்லரில், தன் எடையும் சரக்கின் எடையும் சேர்த்து 1,350 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று தகட்டில் அடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் தானே 350 கிலோ. மிச்சம் ஆயிரம். ஆயிரம் கிலோ தாங்குவதன் தலையில் ஆயிரத்து அறுநூறு! பாலில் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர் கூடினால் கண்டுபிடித்துவிடும் கண்கள், இங்கே நூற்றுக்கு அறுபது பங்கு கூடுதல் பாரத்தைக் காணாமல் போவது எப்படி? பாலில் குறைந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. டிரெய்லரில் கூடினால் நஷ்டம் பிக்கப் ஓட்டுகிறவனுக்கு. கண் தெரிவதும் தெரியாததும் இதைப் பொறுத்துத்தானே இருக்கிறது?

தகடு துருப்பிடித்துப் போய்விட்டது, எழுத்துத் தெரியவில்லை என்பார்கள். டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில், அளவெண்ணுக்கு அடுத்தாற்போல் ஓர் எண் இருக்கும். அது 84 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 500 கிலோ. 88 என்றால் 560. 91 என்றால் 615. அதுவும் டயர் நல்ல டயராக இருந்து, காற்று முழு அளவு இருந்தால்தான். 84 போட்ட டயர் இரண்டு என்றால் ஆயிரம் கிலோவோடு கதை முடிந்தது. அந்த ஆயிரத்திலும் டிரெய்லரின் சொந்த எடை போக வேண்டும். லயத்துப் பக்கம் வெயிலிலும் மழையிலும் கிடந்து வெடித்துப்போன டயருக்கு எந்த எண்ணைப் பார்ப்பது?

காண்டாக்கம்புப் பாடம்

எடை சரியாக இருந்தாலும் போதாது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இதை நமக்கு எந்த இன்ஜினியரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. காண்டாக்கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி நடந்த பரம்பரை நாம். பின் வாளி கனத்தால் முன் வாளி எகிறும், ஆள் மல்லாக்கச் சாய்வான் என்பது நம் பாட்டிமாருக்கே தெரியும். ஒற்றை அச்சு டிரெய்லர் ஒரு காண்டாக்கம்பு, அச்சுதான் தோள்.

டிராக்டரை அச்சுக்குப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டால் டிரெய்லரின் வால் அமுங்கும், முன் மூக்கு மேலே எழும், அந்த மூக்கு பிக்கப்பின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கும். பின் சக்கரத்தில் பாரம் குறைந்த பிக்கப், ரோட்டைப் பிடிக்காது. வேகம் கொஞ்சம் ஏறியதும் டிரெய்லர் பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகி, கடைசியில் டிரெய்லர் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு போய்க் கானில் சாயும். ஆகவேதான் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொளுக்கியின் மேல் உட்கார வேண்டும் என்று சொல்கிறார்கள். 1,350 கிலோவுக்கு அது ஏறத்தாழ 135 முதல் 200 கிலோ. பிக்கப்பின் கொளுக்கி அந்தப் பாரத்தைத் தாங்கக்கூடியதா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். முன் வாளி இல்லாத டிராக்டருக்குக் கனம் பின் பக்கம். வாளி மாட்டினால் கனம் முன்னுக்கு நகரும். ஒருநாள் சரியாக இருந்த இடம் மறுநாள் சரியாக இருக்காது. "போன தடவை இங்கேதான் நிறுத்தினோம்" என்பது பதிலாகாது.

வழியில் ஆட்டம் கண்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டியும் தப்பிக்கப் பார்க்காதீர்கள். எண்ணெயை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வண்டி தானாக வேகம் குறையும்படி விடுங்கள். நிறுத்தியதும் பாரத்தை மாற்றி வைக்காமல் ஓர் அடி கூட நகர வேண்டாம்.

பிரேக்கைப் பற்றிச் சொன்னோம். இந்தச் சிறு டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பின்னால் வரும் பாரம் அத்தனையையும் நிறுத்த வேண்டியது பிக்கப்பின் பிரேக் ஒன்றுதான். மொத்த எடை 750 கிலோவைத் தாண்டுகிற டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்று பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் விதி இருக்கிறது. அங்கே சமதரையில், தார் ரோட்டில் ஓடுகிற டிரெய்லருக்கே அந்த விதி! நம் செம்மண் மேட்டில், மழை பெய்த மறுநாள், இறக்கத்தில் இறங்குகிற டிரெய்லருக்கு என்ன விதி? "மெதுவாகப் போ, கவனமாகப் போ" என்ற வாய் உபதேசம்தான் விதி.

பலகையில் ஏறும் நேரம்

பயணத்தை விடப் பொல்லாதது ஏற்றுகிற நேரம். சாய்ந்த பலகையில் டிராக்டரின் சக்கரம் ஏறும்போது, பாரம் முழுவதும் டிரெய்லரின் வாலில் விழுகிறது. வாலுக்குக் கீழே கட்டையோ முட்டோ கொடுக்கவில்லை என்றால் அது படாரென்று அமுங்கும், பிக்கப்பின் பின்சக்கரம் எழும்பும், பலகை நழுவும். பலகை செங்குத்தாக இருந்து, டிராக்டர் முன்முகமாக ஏறி, ஓட்டுபவன் கிளட்சைச் சட்டென்று விட்டால், முன்சக்கரம் தரையை விட்டு எழுந்து வண்டி பின்னுக்குப் புரளும். ஒன்றரை நொடியில் எல்லாம் முடிந்துவிடும். குதித்துத் தப்பலாம் என்பவர்கள் அந்த ஒன்றரை நொடியை எண்ணிப் பார்க்கட்டும்.

இதற்காகவே டிராக்டரின் இருக்கைக்குப் பின்னால் இரும்புக் காப்பு வளைவு வைத்திருக்கிறார்கள். சுவீடன் நாடு 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. டிராக்டர் கவிழ்ந்து மாள்வோர் தொகை அங்கே வெகுவாக இறங்கியது. நம் தோட்டங்களில் அந்த வளைவின் நிலை என்ன? செம்பனை மட்டை இடிக்கிறது என்று மடக்கி வைக்கிறார்கள். மரத்தடியில் மடக்கியது சரி. வெளியே வந்த பிறகு நிமிர்த்துகிறார்களா? இல்லை. மடக்கியது மடக்கியபடியே துருப்பிடித்துக் கிடக்கிறது. சில இடங்களில் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். பலகையில் ஏறும்போது வளைவு நிமிர்ந்திருக்க வேண்டும், பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். வளைவு மடங்கியிருக்கும்போது பெல்ட் போட்டால் அது ஆளை வண்டியோடு சேர்த்து நசுக்கும் என்பதையும் சொல்லித்தர வேண்டும். யார் சொல்லித் தருகிறார்கள்?

ஏற்றியபின் கட்டுவது இன்னொரு கேலிக்கூத்து. கை பிரேக் போட்டாயிற்று, கியரில் போட்டாயிற்று, ஒரு கயிற்றைக் குறுக்கே வீசிக் கட்டியாயிற்று. வேலை முடிந்தது என்கிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்து விதியைக் கேளுங்கள்: சரக்கைக் கட்டும் சங்கிலிகள், வார்களின் வேலைத் திறனைக் கூட்டினால், அது சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. 1,600 கிலோவுக்கு 800 கிலோ! துணி காயப்போடும் நைலான் கயிற்றுக்கு அந்தத் திறன் இருக்கிறதா? நான்கு மூலையிலும் நான்கு சங்கிலி வேண்டும். முன்வாளியும் புல் வெட்டும் இயந்திரமும் தட்டில் இறங்கி அமர வேண்டும். ஒரு கட்டை தூரம் போனதும் நிறுத்தி, சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் நம் இரத்தம் கொதிப்பது கயிற்றைப் பார்த்து அல்ல. கயிற்றுக்குத் துணையாக இரண்டு ஆளை ஏற்றுகிறார்களே, அதைப் பார்த்து! டிராக்டர் நகர்ந்தால் ஐம்பது, அறுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதன் அதைப் பிடித்து நிறுத்திவிடுவானா? சங்கிலி வாங்க மனமில்லாத இடத்தில் மனிதனைச் சங்கிலியாக்குகிறார்கள். இன்று அப்படி ஏறி நிற்பவன் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தோ, இந்தோனேசியாவிலிருந்தோ, நேபாளத்திலிருந்தோ வந்த பிள்ளை. அவனுக்கு இந்தப் பத்திரிகையைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த நாம் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்க வேண்டும்.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"இத்தனை வருஷமாக இப்படித்தான் கொண்டு போகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். இரும்பு ஒரே நாளில் முறிவதில்லை. கூடுதல் பாரம் ஏறும் ஒவ்வொரு தடவையும் அச்சிலும் பற்றவைத்த இடத்திலும் ஒரு மயிரிழை கூடிக்கொண்டே போகும். முறிகிற நாளில் யார் ஓட்டுகிறானோ அவன் பெயர் போலீஸ் புத்தகத்தில் ஏறும்.

"லோரி வாடகைக்குப் பணம் எங்கே?" என்பார்கள். லோரி வேண்டாம், ஐயா! புல் வெட்டும் இயந்திரத்தையும் முன்வாளியையும் கழற்றி இன்னொரு நடையில் கொண்டு வாருங்கள். பல சிறு டிராக்டர்கள் அந்த மட்டில் டிரெய்லரின் கணக்குக்குள் வந்துவிடும். நாம் டிரெய்லருக்கு எதிரி அல்ல. இரண்டு அச்சும் பிரேக்கும் உள்ள டிரெய்லர் வாங்கினால் நாமே ஓட்டித் தருகிறோம். தோட்டத்துக்குள்ளேயே போகிற வழி என்றால் டிராக்டர் தன் சொந்தச் சக்கரத்தில் ஊர்ந்து போகட்டும். பத்துக் கட்டைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே! அந்த ஒரு மணி நேரக் கூலியை மிச்சம் பிடிக்கத்தானே இவ்வளவும்?

"அது காண்ட்ராக்டர் வண்டி, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பது மூன்றாவது சாக்கு. இது வெகு நாள் செல்லுபடியான சாக்கு. இப்போது செல்லாது. 1994-ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தை 2022-இல் திருத்தினார்கள்; திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. காண்ட்ராக்டரை வைத்து வேலை வாங்கும் தலைமை நிறுவனத்துக்கும் அந்தக் காண்ட்ராக்டரின் ஆட்களைப் பற்றிய கடமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. ஆபத்து என்ன என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்றும் இருக்கிறது. முதலாளி கடமை தவறினால் முன்பு அபராதம் 50 ஆயிரம் வெள்ளி வரை; இன்று 5 லட்சம் வெள்ளி வரை, இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. ஒரு சிறு டிராக்டரின் விலையை விட இந்த அபராதம் எத்தனை மடங்கு என்று துரைமார் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

தொழிலாளிக்கும் அந்தத் திருத்தம் ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது. 26ஏ பிரிவு. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளியிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவனைப் பழிவாங்கக் கூடாது. வரிசையைக் கவனியுங்கள், தோழர்களே. முதலில் தெரிவிக்க வேண்டும். மனத்துக்குள் முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டால் சட்டம் துணை வராது. மண்டோரிடமோ கண்டக்டரிடமோ, பக்கத்தில் இரண்டு பேர் கேட்கும்படி, "இந்த டிரெய்லர் இவ்வளவுதான் தாங்கும், இந்த டிராக்டர் இவ்வளவு எடை, பிரேக் இல்லை, சங்கிலி இல்லை" என்று எண்ணோடு சொல்லுங்கள். எண்ணோடு சொல்பவனை "சோம்பேறி" என்று ஏச முடியாது.

அடிபட்டால் சொக்சோ இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் பேசுகிறார்கள். இருக்கிறது, அந்நியத் தொழிலாளரையும் 2019 ஜனவரி முதல் அதில் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கால் போன பிறகு வரும் பணத்தைக் காட்டி, கால் போகாமல் காக்கும் சங்கிலிக்குக் காசு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? அதுவும் காண்ட்ராக்டர் தன் ஆட்களின் பெயரைப் பதிந்திருந்தால்தான் அந்தப் பணமும்.

கிராணி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த விஷயத்தில் பேனா பிடிப்பவர்களின் பங்கு பெரிது. வேலைச் சீட்டு உங்கள் மேசையிலிருந்துதான் போகிறது. டிராக்டரின் புத்தகம் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. டிராக்டரின் எடை, ஒவ்வொரு கருவியின் எடை, டிரெய்லரின் சொந்த எடை, அது தாங்கும் மொத்த எடை ஆகிய நாலு எண்களையும் எடுத்து ஒரு தகட்டில் எழுதி டிரெய்லரில் மாட்டச் சொல்லுங்கள். புத்தகம் தொலைந்துவிட்டதா? மில் நிறுவை மேடை இருக்கவே இருக்கிறது. டிரெய்லரை வெறுமையாக ஒரு தரம், டிராக்டரைத் தனியாக அதன் கருவிகளோடு ஒரு தரம் ஏற்றி இறக்கினால் போதும். பழ லோரிக்கு நாள் முழுதும் திறந்திருக்கும் மேடை, டிராக்டருக்குப் பத்து நிமிடம் திறக்காதா?

நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருகிற கமிட்டியாக அது இருக்கக் கூடாது. கமிட்டி இல்லாத சிறு இடங்களிலும், ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஓர் ஆளை நியமித்திருக்க வேண்டும். அவர் யார் என்று கேளுங்கள். பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் டிரெய்லரை ஆபீஸ் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, டயர் எண்ணையும் தகட்டையும் துரை முன்னிலையில் படிக்க வேண்டும். எண் சரியில்லை என்றால் அன்றைக்கே கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். குறிப்பில் ஏற மறுத்தால் தொழில்சார் பாதுகாப்பு சுகாதார இலாகாவுக்குக் கடிதம் போகட்டும். கிளைச் செயலாளர் எழுதித் தருவார்.

அதுவரைக்கும், வேலைச் சீட்டில் "டிராக்டர் எடை" என்ற இடம் காலியாக இருந்தால் கிராணியார் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். பிக்கப் ஓட்டுகிற தம்பி சாவியைத் திருப்ப வேண்டாம்.